கீமோ காலத்தில் இயங்கலைத் துணை: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கெடாவின் பாடாங் செராயில் இருக்கும் ஓர் அம்மாவுக்குப் பினாங்கு மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, என்று வைத்துக்கொள்வோம். 21 நாளில் ஒரு நாள்தான் டாக்டரும் தாதியும் பக்கத்தில் இருப்பார்கள். மீதி 20 நாளும் வீடுதான். வாந்தி, காய்ச்சல், வாய்ப்புண், பயம் எல்லாம் தலைகாட்டுவது அந்த 20 நாளில். மகன் ஜொகூர் பாருவில், மகள் சிங்கப்பூரில். வீட்டில் இருப்பது அப்பாவும், கூப்பிட்டால் ஓடிவரும் பக்கத்து வீட்டு அக்காவும்.

இந்த நிலையில் திறன்பேசி பெரிய துணை. அதை ஆறுதல் சொல்ல மட்டும் பயன்படுத்தினால் பாதிப் பயன் போய்விடும். எந்த நாளில் எதைக் கவனிக்க வேண்டும், காய்ச்சல் எந்த அளவைத் தொட்டால் யார் வண்டியை எடுக்க வேண்டும், யார் மருத்துவமனைக்கு அழைக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் கீமோவுக்கு முன்பே முடிவாகியிருந்தால், காய்ச்சல் கண்ட நேரத்துக்கும் மருத்துவமனை வாசலை மிதிக்கும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். கீமோவில் உயிரைக் காப்பது பல நேரம் அந்த இடைவெளிதான்.

முதல் கீமோவுக்கு முன்: கையில் இருக்க வேண்டிய விவரம்

கீமோ தொடங்கும் முன் டாக்டரோ தாதியோ விளக்கம் தருவார்கள். அன்று ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்துகளின் பெயர். “சிவப்பு மருந்து”, “வெள்ளை மருந்து” என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவசரத்தில் உதவாது. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்செல், ஆக்ஸாலிப்ளாட்டின் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை சுற்று, சுற்றுக்கு எத்தனை நாள். சிலருக்கு 21 நாள், சிலருக்கு 14 நாள், சிலருக்கு வாரந்தோறும்.

கீமோ கொடுக்கும் பிரிவின் தொலைபேசி எண். அலுவலக நேரத்துக்கு ஒன்று, இரவுக்கும் வார இறுதிக்கும் எதை அழைப்பது என்று தனியாக ஒன்று. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; பினாங்கில் சனியும் ஞாயிறும். “வேலை நாள்” என்று அவர்கள் சொல்வது எதை என்று தெளிவாகக் கேளுங்கள். ஞாயிறு காலையில் அழைத்துப் பார்த்து, யாரும் எடுக்கவில்லை என்று மறுநாள் வரை காத்திருக்கும் தவறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எந்தக் காய்ச்சல் அளவில் வர வேண்டும். பெரும்பாலும் 38 பாகை செல்சியஸ் என்பார்கள். உங்கள் டாக்டர் சொன்ன எண்ணையே எழுதுங்கள்.

நள்ளிரவில் எங்கே போவது. பாடாங் செராயிலிருந்து பாலம் கடந்து பினாங்கு போவதற்குள் நேரம் போய்விடும். கூலிம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் “அருகில் உள்ளதற்குப் போங்கள், அங்கிருந்து எங்களை அழைக்கச் சொல்லுங்கள்” என்பதே பதிலாக இருக்கும்.

வீட்டுக்கு வாங்க வேண்டிய கருவி ஒன்றே ஒன்று: நல்ல டிஜிட்டல் வெப்பமானி. மாற்று பேட்டரியும் கூட வாங்குங்கள். பாதரச வெப்பமானி வேண்டாம். ஆசனவாயில் வைத்து அளக்கவே கூடாது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும்போது அங்கே சிறு கீறல் விழுந்தாலும் கிருமி இரத்தத்தில் புகுந்துவிடும்.

ஒரு குழு போதாது, இரண்டு வேண்டும்

குடும்பப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அறுபது பேர் இருப்பார்கள். காலை வணக்கப் படம், கோயில் திருவிழா, கல்யாண அழைப்பு என்று ஓடும் அதே இடத்தில் “அம்மாவுக்கு 38.2” என்று போட்டால், அதைப் பார்க்க வேண்டியவர் பார்ப்பதற்குள் இருபது “கடவுள் காப்பாத்துவார்” வந்து அதை மேலே தள்ளிவிடும். ஆகவே இரண்டு குழு.

முதலாவது கவனிப்புக் குழு. நான்கிலிருந்து ஆறு பேர், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை: உடனிருந்து பார்த்துக்கொள்பவர், வண்டி ஓட்டுபவர், அவர் இல்லாதபோது ஓட்ட மாற்று ஆள், மலாய், ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்பவர், தூரத்தில் இருந்தபடி பாரங்களும் சந்திப்புத் தேதிகளும் பார்ப்பவர். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடைசி வேலை பொருந்தும். எதுவும் செய்ய முடியவில்லையே என்ற தவிப்பில் மணிக்கு ஒரு தடவை அம்மாவை அழைத்துக்கொண்டிருப்பதைவிட, கையில் ஒரு வேலை இருப்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

குழு விளக்கப் பகுதியில் மருந்துகளின் பெயர், மருத்துவமனை எண்கள், ஒவ்வாமை, மற்ற நோய்களுக்கான மருந்துகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். செய்தியாகப் போட்டால் மேலே போய் மறைந்துவிடும். விளக்கப் பகுதியில் இருந்தால் ஒரு தட்டில் கிடைக்கும். தானாக மறையும் செய்தி வசதியை அணைத்து வையுங்கள். மூன்றாம் சுற்றில் டாக்டர் “போன தடவை எத்தனை நாள் வயிற்றுப்போக்கு?” என்று கேட்கும்போது அந்தப் பழைய செய்திதான் பதில். அடையாள அட்டைப் படத்தை மட்டும் குழுவில் போட வேண்டாம்.

இரண்டாவது உறவினர் குழு. இதில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று அமைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு செய்தி போதும். இந்தக் குழுவின் முக்கிய வேலை, நோயாளி தன் வாயால் “வராதீங்க” என்று சொல்ல வேண்டியிராமல் காப்பது. கீமோ ஏறிய ஏழாம் நாளுக்கு முன்பே இப்படி ஒன்றைப் போட்டுவிடுங்கள்: “அம்மாவுக்கு அடுத்த ஒரு வாரம் வெள்ளணு குறையும் நேரம். டாக்டர் கூட்டம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வர வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வீடியோவில் பேசலாம்.” பிள்ளைகள் சொன்னால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள்கூட, டாக்டர் சொன்னார் என்றால் ஏற்றுக்கொள்வார்கள்.

அம்மாவுக்குத் தெரியுமா?

நம் குடும்பங்களில் இது பெரிய சிக்கல். “அம்மாகிட்ட கான்சர்னு சொல்லாதீங்க, கட்டின்னு மட்டும் சொல்லுங்க” என்று முடிவு செய்துவிட்டு, அவர் இல்லாத குழு ஒன்றைத் தொடங்குவார்கள். அது நிலைக்காது. சிகிச்சைப் பிரிவின் பெயர்ப்பலகையில் ஓங்கோலோஜி (புற்றுநோய்ப் பிரிவு) என்று எழுதியிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார். கீமோவுக்கு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. மறைத்தது தெரிய வரும் நாளில் அவர் பிள்ளைகளை நம்புவதை நிறுத்துகிறார். அதற்குப் பிறகு குளிர் நடுக்கம் வந்தாலும் சொல்ல மாட்டார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவும் தேவையில்லை. அவரிடமே கேளுங்கள்: “ம்மா, டாக்டர் சொல்றத நீங்களே கேக்கணுமா, இல்ல நாங்க கேட்டு உங்களுக்கு வேணும்கிறத மட்டும் சொன்னா போதுமா?” பிள்ளைகள் கேட்டால் போதும் என்பது அவர் விருப்பமானால் அதை மதியுங்கள். ஆனால் காய்ச்சல், நடுக்கம், இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல் நான்கையும் உடனே சொல்ல வேண்டும், ஏன் சொல்ல வேண்டும் என்பதை அவர் அறிந்தே இருக்க வேண்டும். எங்கள் கருத்தில், அவரே மறுத்தால் ஒழிய, கவனிப்புக் குழுவில் நோயாளியும் இருக்க வேண்டும்.

தினமும் இரண்டு செய்தி

காலை 7 மணிக்கு ஒன்று, இரவு 7 மணிக்கு ஒன்று. ஒரே வரிசையில் எழுதுங்கள். கீமோ ஏறிய நாள்தான் நாள் 1. செய்தி இப்படி இருக்கட்டும்:

“நாள் 9, காலை. காய்ச்சல் 37.1, வாயில் அளந்தது. வாந்தி இல்லை. வெளிக்குப் போனது 2 தடவை, சாதாரணம். நேற்றுத் தண்ணீர் 6 டம்ளர். கஞ்சி பாதி. வாயில் இடது பக்கம் புண். வலி 10க்கு 3. மருந்து எடுத்தாச்சு.”

நாள் எண்ணை விட்டுவிடாதீர்கள். மூன்றாம் நாள் சோர்வு வேறு, பத்தாம் நாள் சோர்வு வேறு. செய்தியைப் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும். அக்குளில் அளந்தால் வாயில் அளப்பதைவிடக் குறைவாகக் காட்டும், ஆகவே எங்கே அளந்தீர்கள் என்று எழுதுங்கள், தினமும் ஒரே இடத்தில் அளங்கள். சூடான மைலோ குடித்த கையோடு வாயில் அளக்கக் கூடாது; அரை மணி நேரம் போகட்டும்.

இந்தப் பழக்கம் இரண்டாம் சுற்றில்தான் குலையும். முதல் சுற்று நன்றாகப் போனதும் “ஒன்னும் இல்ல, நல்லா இருக்காங்க” என்று எழுதத் தொடங்குவார்கள். அந்த வரியை வைத்து யாரும் எதையும் கவனிக்க முடியாது. இரவு 8 மணி வரை செய்தி வரவில்லை என்றால் தூரத்தில் இருப்பவர் அழைத்துக் கேட்க வேண்டும். அதுவும் ஒருவருடைய வேலையாக எழுதியிருக்கட்டும்.

காய்ச்சல் வந்தால்

கீமோ மருந்து எலும்பு மச்சையில் உருவாகும் அணுக்களையும் அடிக்கும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் பொதுவாக 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் சீழ், சிவப்பு, வீக்கம் என்று வழக்கமான அறிகுறி எதுவும் இருக்காது, அவற்றை உண்டாக்க வேண்டிய அணுவே இல்லையே. காய்ச்சல் மட்டும்தான் தெரியும். சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரியலாம்.

38 பாகை காட்டினாலோ, உடல் உதறும் நடுக்கம் வந்தாலோ செய்ய வேண்டியது:

குழுவில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். வண்டி ஓட்டுபவரை நேரே அழையுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் மாற்று ஆள், அவரும் எடுக்கவில்லை என்றால் 999. அழைத்த பிறகு குழுவில் ஒரு வரி போடுங்கள்.

பனடோல் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும், கிருமி அப்படியே இருக்கும். மருத்துவமனையில் அளக்கும்போது 37.4 காட்டி, அவசரம் இல்லை என்று தோன்ற வைத்துவிடும். வாந்திக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெத்தாசோனும் காய்ச்சலை மறைக்கக்கூடியது. அதனால் காய்ச்சலே இல்லாமல் நடுக்கம், குழப்பமான பேச்சு, திடீர்ச் சோர்வு வந்தாலும் கிளம்புங்கள்.

“டெங்கியா இருக்கும், ஊர்ல பரவிக்கிட்டிருக்கு” என்று பக்கத்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். டெங்கியாகவே இருக்கட்டும், கீமோ எடுப்பவர் பார்க்க வேண்டிய இடம் மருத்துவமனைதான்.

அவசரப் பிரிவு முகப்பில் வரிசை எண் எடுத்துக்கொண்டு உட்காரும் முன் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: “பெசாகிட் கெமோதெராப்பி. டெமாம் தீகா புலூ லாப்பான். கெமோ தெராகிர் செம்பிலான் ஹாரி லாலு.” கீமோ நோயாளி, காய்ச்சல் 38, கடைசிக் கீமோ ஒன்பது நாளுக்கு முன். நாள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மூன்று தகவலும் சேர்ந்தால்தான் முகப்பில் இருப்பவருக்கு அவசரம் புரியும். வந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. அப்பாவுக்கு மலாய் தடுமாறினால், இந்த வாக்கியத்தை மகளின் குரலில் பதிவு செய்து குழுவில் வையுங்கள். முகப்பில் ஓட விட்டால் போதும்.

இருபத்தொரு நாளில் எதை எப்போது கவனிப்பது

நாள் 1. மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வலித்தாலோ, புலனத்தில் எழுதுவதற்கு முன் தாதியைக் கூப்பிட வேண்டும். நரம்புக்கு வெளியே கசிந்தால் சில மருந்துகள் சதையைப் புண்ணாக்கும். டாக்ஸோரூபிசின் எடுத்தவருக்கு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும்; அது மருந்தின் நிறம், இரத்தம் இல்லை. இதை முன்பே குழுவில் எழுதி வைத்தால் நள்ளிரவு அழுகை ஒன்று மிச்சம்.

நாள் 1 முதல் 3. மருந்தின் மிச்சம் சிறுநீர், மலம், வாந்தியில் வெளியேறும் நேரம், ஏறத்தாழ 48 மணி நேரம். சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். குந்து கழிவறையாக இருந்தால் நிறையத் தண்ணீர் ஊற்றி, இன்னொரு முறையும் ஊற்ற வேண்டும். அழுக்கான துணியைத் தனியாக துவைக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் மருமகள் இந்த வேலையைத் தொடக்கூடாது. வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுப்பதைவிட, எழுதித் தந்த நேரப்படி கொடுப்பதே வேலை செய்யும். வாந்தி மாத்திரையான ஒன்டான்செட்ரான் மலச்சிக்கல் உண்டாக்கும், அதையும் தினச் செய்தியில் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால் மருத்துவமனைக்கு அழையுங்கள்.

ஆக்ஸாலிப்ளாட்டின் எடுப்பவர் முதல் சில நாள் குளிர்ந்த எதையும் தொடக்கூடாது. குளிர்பெட்டிக்குள் கை விட்டால் விரல் மின்சாரம் பட்டது போலிருக்கும். ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு நிற்பது போல் தோன்றும். “வெயிலுக்கு ஐஸ் போட்டுச் சிராப் குடுங்க” என்று அன்போடு நீட்டுகிற உறவினருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நாள் 4 முதல் 6. வாய்ப்புண் தொடங்கும். ஒரு குவளை, அதாவது 250 மில்லி லிட்டர் வெதுவெதுப்பான கொதித்தாறிய நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி அளவு உப்பு. கலக்கி, நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். கடையில் விற்கும் எரியும் வாய் கழுவி வேண்டாம். ரசம், சம்பால் தள்ளிப்போகட்டும். குழைந்த கஞ்சி, நன்றாக வெந்த முட்டை, இட்லி போதும். வெள்ளணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசி கொடுத்திருந்தால், பினாங்கிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டு வாருங்கள், ஊசி ஐஸைத் தொடக்கூடாது. வீட்டில் 2 முதல் 8 பாகை. உறைபெட்டியில் வைத்தால் கெட்டுவிடும். கடிதத்தோடு போனால் அரசுக் கிளினிக்கில் போட்டுவிடுவார்களா என்று முன்பே அழைத்துக் கேளுங்கள். எலும்பு வலிப்பது இந்த ஊசிக்கு இயல்பு.

நாள் 7 முதல் 14. மிகக் கவனமான வாரம். கோப்பிக் கடை அரை வேக்காட்டு முட்டை, பாசார் மாலாமில் வெட்டி வைத்த பழம், பச்சை உலாம், காலையில் சமைத்து மேசையில் மூடிவைத்த குழம்பு எதுவும் வேண்டாம். சாவு வீடு, கல்யாண மண்டபம், தைப்பூசக் கூட்டம் வேண்டாம். இரத்தத் தட்டணுவும் குறையும் நேரம் என்பதால் உடம்பு வலிக்கு உருட்டு மசாஜ், கிளினிக்கில் சதை ஊசி, ஆஸ்பிரின், இபுபுரோஃபென் டாக்டரைக் கேட்காமல் கூடாது. ஈறில் இரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி, கறுத்த மலம் கண்டால் அழையுங்கள். வழக்கத்தைவிட நான்கு தடவை அதிகமாக வயிறு போனாலும் அழையுங்கள், முக்கியமாக கேப்பசிட்டபின் மாத்திரை எடுப்பவர்கள். அந்த மாத்திரையில் உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியலாம். செம்பனைக் குலை வெட்டுபவரும் பால் மரம் சீவுபவரும் “வேலைத் தழும்புதான்” என்று விட்டுவிடுவார்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்து, அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அழைத்துக் கேளுங்கள். மாத்திரையை நிறுத்துவதா குறைப்பதா என்பது டாக்டரின் முடிவு.

நாள் 15 முதல் 21. உடம்பு தேறும் நேரம். பல் வேலை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு இப்போது பாருங்கள். அடுத்த கீமோவுக்கு முன் இரத்தப் பரிசோதனை. நியூட்ரோபில் போதவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். வேலைக்கு விடுப்பு எடுத்து, வண்டி பேசி, பாலம் கடந்து போன பிறகு இதைக் கேட்டால் குடும்பமே ஒடிந்துவிடுகிறது. தள்ளிப்போடுவது பாதுகாப்புக்காக, மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை என்பதைக் குழுவில் முன்கூட்டியே எழுதுங்கள்.

டாக்டர் அறைக்குள் சிங்கப்பூர் மகள்

உள்ளே நுழைந்ததும் “டாக்டர், மகள் போனில் கேட்கலாமா?” என்று அனுமதி கேளுங்கள். ஒலிபெருக்கியில் வைத்து மேசைமேல் வையுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். முதல் நாள் இரவே குழுவில் மூன்று கேள்வி மட்டும் முடிவு செய்யுங்கள். பத்துக் கேள்வி கொண்டுபோனால் முக்கியமானது ஒன்பதாவதாக இருக்கும், அதற்குள் நேரம் முடிந்துவிடும். வெளியே வந்த உடனே, வண்டி நிறுத்துமிடத்திலேயே, டாக்டர் சொன்னதை ஒரு நிமிடக் குரல் செய்தியாகப் போடுங்கள். வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிடும்.

ஊர் நோயாளிகள் சேர்ந்த துணைக்குழு

கீமோ நாற்காலியில் பழகிய நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு புலனக் குழு தொடங்குவது நல்ல யோசனை. அதே வழியைக் கடந்தவர் “எனக்கும் நாக்குல இரும்பு ருசி அடிச்சுது, மர ஸ்பூன்ல சாப்பிட்டேன்” என்று சொல்வது டாக்டரிடம் கிடைக்காத உதவி. ஆனால் விதியில்லாமல் தொடங்கினால் மூன்றே மாதத்தில் அது மருந்து விற்பவர்களின் சந்தையாகிவிடும்.

நிர்வாகி இருவர் இருக்கட்டும். ஒருவர் சிகிச்சையில் படுத்துவிட்டால் மற்றவர் பார்ப்பார். சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் செய்தியாக விதிகளை அனுப்புங்கள். மருந்தை நிறுத்து, கூட்டு, குறை என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. எந்தப் பொருளும் விற்கக்கூடாது. புண், கட்டி படங்களை அனைவருக்கும் போடக்கூடாது. “உனக்கு எந்த ஸ்டேஜ்?” என்று கேட்கக்கூடாது, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

மூலிகைப் பேச்சு கட்டாயம் வரும். பெலாலாய் காஜா இலைச் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம், நிலவேம்பு, பெயரில்லாத பொடி. “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று அடித்துப் பேசினால் அவர் குடிப்பதை நிறுத்த மாட்டார், சொல்வதை நிறுத்திவிடுவார். நிர்வாகி இப்படி எழுதலாம்: “கீமோ மருந்தைக் கரைத்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். இலைச் சாறும் அதே உறுப்புகள் வழியாகத்தான் போகிறது. சேர்ந்தால் மருந்து அளவு ஏறவோ இறங்கவோ செய்யலாம். குடிப்பதை டாக்டரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள், புட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.” குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை, மஞ்சள் மாத்திரைக்குக் கேட்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீடியோ சந்திப்பு வையுங்கள். இரவு 8.30க்கு, 45 நிமிடம், எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். முடி கொட்டியவருக்குக் கேமராவை அணைத்து வைக்கும் உரிமை உண்டு, காரணம் கேட்காதீர்கள். தோட்ட வீடுகளில் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால் குரல் அழைப்புக்கு மாறுங்கள், டேட்டாவும் மிச்சமாகும். பார்த்துக்கொள்பவர்களுக்குத் தனிச் சந்திப்பு வேண்டும். “ராத்திரி மூனு மணிக்கு எழுந்து எழுந்து எனக்கே முடியல” என்பதை நோயாளி கேட்கும் இடத்தில் அவர்களால் சொல்ல முடியாது.

உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் என்ன செய்வது என்பதை, அப்படி நேரும் முன்பே நிர்வாகிகள் முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தின் அனுமதி வாங்குங்கள். அதே நோய்க்கு அதே மருந்து எடுப்பவர்களைத் தனித்தனியாக அழைத்து முதலில் சொல்லுங்கள். பிறகு குழுவில் ஒரு செய்தி, படம் இல்லாமல். அன்று இரவு நிர்வாகி மட்டும் எழுதும்படி அமைத்து, மறுநாள் திறந்துவிடுங்கள்.

தூரத்துப் பிள்ளை இயங்கலையில் செய்யக்கூடிய பணம், பார வேலைகள்

முதலில் மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியைப் பார்க்கச் சந்திப்பு கேளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் கிடைக்காத மருந்துக்கும் கருவிக்கும் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகும்.

2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், எஸ்.டி.ஆர். எனும் அரசாங்க ரொக்க உதவி பெறுபவர்களிலும் அவர்களின் துணைவரிலும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்க 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துத் தொகையும் வைக்கப்பட்டன. நடப்பு நிபந்தனையை அதே அதிகாரியிடம் கேட்டு, சிகிச்சை தொடங்கும்போதே பாரத்தைக் கொடுங்கள். முடிந்த பிறகு நினைவு வந்து ஓடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளி 60 வயதுக்கு முன் வேலை செய்ய முடியாமல் போனால் இலாட் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். சந்தா மாதக் கணக்கை முதலில் சரிபாருங்கள். ஊழியர் சேமநிதியில் செஜாஹ்தெரா கணக்கிலிருந்து மருத்துவச் செலவுக்கு எடுக்கலாம், பெற்றோரின் சிகிச்சைக்குப் பிள்ளையும் எடுக்கலாம். 1966இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம், 1994இல் தொடங்கிய மக்னா எனும் புற்றுநோய் உதவி அமைப்பு இரண்டிடமும் உதவி கேட்கலாம். ஒவ்வொரு எம்.சி. தாளையும் ரசீதையும் அன்றே படம் எடுத்து ஒரே கோப்பில் போடுங்கள்.

“பெக்கா பணம் எடுத்துத் தருகிறேன்” என்று முகநூலில் வரும் முகவர்களுக்கு வங்கி எண்ணோ, கைப்பேசிக்கு வரும் டேக் எண்ணோ கொடுக்காதீர்கள். இந்த உதவிகளுக்கு முகவர் தேவையில்லை.

பார்த்துக்கொள்பவரின் நிலை

தூக்கம் இல்லை, சாப்பிட மறந்துபோகிறது, சின்னச் சத்தத்துக்கும் கோபம் வருகிறது, சுகர் மருந்து எடுக்கவில்லை. தினச் செய்தியில் இவருக்கும் ஒரு வரி வேண்டும்: “அப்பா தூங்கியது 4 மணி நேரம்.” மூன்று நாள் தொடர்ந்து நாலு மணி நேரம் என்றால் யாராவது ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து ஓர் இரவு மாற்ற வேண்டும். பணம் அனுப்புவது அந்த ஓர் இரவுக்கு ஈடாகாது.

மனம் தாங்க முடியாமல் போனால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, எந்த நேரமும். நோயாளி “இனிமே வேணாம், விட்டுடுங்க” என்று சொன்னால், “அப்படிப் பேசாதீங்க” என்று வாயை அடைக்காமல், “எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேளுங்கள். பல நேரம் அது வாந்தியாகவோ, வலியாகவோ, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணமாகவோ இருக்கும். முதல் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடைசிச் சுற்றுக்குப் பிறகு

கடைசிக் கீமோ முடிந்த அன்றே குழுவைக் கலைத்துவிடாதீர்கள். வெள்ளணு இறங்கும் அந்த இரண்டாம் வாரம் கடைசிச் சுற்றுக்கும் உண்டு. அடுத்த இரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை காலை, இரவுச் செய்தி தொடரட்டும். அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று போதும்: எடை, பசி, விரல் மரத்துப்போவது, தூக்கம். மரத்துப்போவது மாதக்கணக்கில் நீடிக்கலாம்; அதுவரை சூடான சட்டி தூக்கும்போதும் வெறுங்காலில் தோட்டத்தில் நடக்கும்போதும் கவனம் வேண்டும். எல்லாச் சுற்றின் தினச் செய்திகளையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, மருந்துப் பெயர்த் தாளோடு சேர்த்து இரண்டு பேரிடம் வைத்துவிட்டு, உறவினர் குழுவை மூடலாம்.